காணாமல் போன வயலில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்?

கேள்வி இது: சென்னையைச் சுற்றியுள்ள ஏரி, வயல், சதுப்பு நிலங்களில் கட்டடமே கூடாது, லண்டனைப் போல ஒரு பசுமை வளையம் போட்டுவிட வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் விலை எகிறாதா? வீடு இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே நகருக்குள் சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள்தானே?

கடைசி வரியில் இருக்கும் கோபம் நியாயமானது. அண்ணா நகரிலோ அடையாறிலோ தாத்தா காலத்து வீட்டில் இருந்துகொண்டு, பெரும்பாக்கத்தில் முப்பது வருடக் கடனில் ஃபிளாட் வாங்கியவரைப் பார்த்து “சதுப்பு நிலத்தை அழித்துவிட்டாய்” என்று சொல்வது எளிது. கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தரும் வேலையில் இருப்பதால் இரண்டு தரப்பு ஆட்களையும் அடிக்கடி பார்க்கிறேன். சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது என்று வருகிற இளம் தம்பதியிடம் ஏரியின் அருமையைப் பாடமாக எடுக்க எனக்கு மனம் வராது.

ஆனால் ‘வீடா, பசுமையா’ என்று கேட்பதிலேயே ஒரு தவறான அனுமானம் ஒளிந்திருக்கிறது. நகர எல்லையில் இழந்த வயலெல்லாம் வீடாக மாறி, அதில் மக்கள் குடியிருக்கிறார்கள் என்று அது நம்பிக்கொள்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூர் பக்கமோ, ஒரகடம் தாண்டியோ, உத்திரமேரூர் சாலையிலோ வண்டியில் போய்ப் பாருங்கள். சாலை ஓரத்தில் ஒரு வளைவு நிற்கும், அதன் மேல் ஏதோ ஒரு ‘நகர்’ அல்லது ‘கார்டன்’ என்று பெயர். உள்ளே போனால் முப்பதடிச் சாலை, இரண்டு பக்கமும் மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள். விற்பனை நடந்த வருடம் ஷாமியானா போட்டு, பிரியாணி போட்டு, பத்திரச் செலவு இலவசம், தங்கக் காசு என்றெல்லாம் சொல்லி விற்றிருப்பார்கள். இப்போது கற்களுக்கு நடுவே சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். நூறு மனையில் நாலைந்து வீடு இருந்தால் அதிகம். மற்ற மனைகளின் சொந்தக்காரர்கள் மயிலாப்பூரிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகும், பையன் படிப்புக்கு ஆகும் என்று தங்கம் வாங்கிப் பூட்டி வைப்பது போல வாங்கி வைத்தது. அங்கே நெல்லும் இல்லை, குடித்தனமும் இல்லை.

இதைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னையைச் சுற்றி விளைநிலத்தில் பெரும் பங்கைத் தின்றது மனை வியாபாரம். அதை நிறுத்தினால் வீடு இல்லாதவருக்கு நஷ்டம் என்பது சரியல்ல. அந்த மனைகளை வாங்குகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு வீடு உள்ளவர். வீடு இல்லாதவருக்கு அந்த இடத்தில் குடியேறிப் பயனில்லை. பேருந்து இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, பாதாளச் சாக்கடை இல்லை, வேலைக்குப் போக இரண்டு மணி நேரம்.

இதில் அரசின் பங்கையும் சொல்ல வேண்டும். மனை கைமாறும் ஒவ்வொரு முறையும் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017 முதல் 2023 வரை பதிவுக் கட்டணமே 4 சதவீதமாக இருந்தது. வயல் வயலாகவே இருந்தால் தலைமுறைக்கு ஒரு முறைதான் பத்திரம் பதிவாகும். மனையாகிவிட்டால் ஒரே ஏக்கர் பத்துப் பதினைந்து பத்திரமாக உடைந்து திரும்பத் திரும்பப் பதிவாகும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளின் பதிவை 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்திய பிறகுதான் வேகம் கொஞ்சம் குறைந்தது. அடுத்த வருடமே வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். வாங்கி ஏமாந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் முதலில் விற்றுவிடலாம், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையையும் அது விற்பவர்களுக்குக் கொடுத்துவிட்டது.

விவசாயி ஏன் விற்கிறார் என்பதையும் பார்க்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஏரிப் பாசனத்தில் யாரும் தனியாகப் பயிர் செய்துவிட முடியாது. மதகிலிருந்து வரும் வாய்க்கால் பத்துப் பேர் வயலைக் கடந்துதான் பதினோராவது வயலுக்கு வரும். நடுவில் ஒருவர் விற்று, வாங்கியவர் மண்ணடித்து மேடாக்கினால் வாய்க்கால் அங்கேயே அடைபடும். கீழே இருப்பவர் ஒரு போகம் ஆழ்துளைக் கிணற்றை வைத்துச் சமாளிப்பார், அடுத்த போகம் தரிசாகப் போடுவார், அப்புறம் அவரும் விற்பார். பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள், நடவுக்கு ஆள் இல்லை என்பதெல்லாம் இதற்கு மேல் சேரும். “நிலத்தை விற்காதே” என்று அவரிடம் சொல்லும் உரிமை, அந்த நிலத்தில் அவர் பிழைப்பதற்கு வழி செய்யாத யாருக்கும் கிடையாது.

ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல், மனையானதும் ஏரிக்கு என்ன ஆகிறது? செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். இங்கே பெரிய ஆறு எதுவும் வற்றாமல் ஓடுவதில்லை. வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவதைப் பிடித்து வைக்கத்தான் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். ஒன்று நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) வழியாக அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ள ஏரிக்கு என்று சங்கிலியாக அமைத்தார்கள். இந்த அமைப்பை உயிரோடு வைத்திருந்தவர் ஆயக்கட்டுக்காரர். தண்ணீர் அவருக்குத் தேவை. அதனால் கரையைப் பார்த்தார், மதகைப் பார்த்தார், வரத்துக் கால்வாயில் யாராவது கை வைத்தால் சண்டைக்குப் போனார். அவர் நிலத்தை விற்றுவிட்டால் ஏரியின் மேல் அக்கறை உள்ள கடைசி ஆளும் போய்விடுகிறார். அதே இடத்தில் குடிவருகிறவருக்கு ஏரி நிரம்புவது பயமாகிவிடுகிறது. மழைக்காலத்தில் கலங்கலின் உயரத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள், சில இடங்களில் இரவோடு இரவாகக் கரையை வெட்டியும் விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கூடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது வேறு என்னதான் செய்வார்கள்? அப்படித் திறந்துவிட்ட தண்ணீர் கீழே இருக்கும் இன்னொரு நகருக்குப் போகிறது.

இதன் பெரிய வடிவம் பள்ளிக்கரணை. தென்சென்னையில் செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலத்துக்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கு, அங்கிருந்து நாராயணபுரத்துக்கு, கடைசியாகப் பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு, அதாவது சதுப்பு நிலத்துக்கு. கழுவெளியிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், கடல். ஒரு காலத்தில் ஐம்பது சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்த இடம் என்று மதிப்பிடுகிறார்கள். 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரைச் சதுர கிலோமீட்டர். மீதி இடத்தில் குப்பைக் கிடங்கு, பறக்கும் ரயில் நிலையம், கல்லூரி, ஐ.டி. வளாகம், அடுக்குமாடி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் செம்பாக்கத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு இன்னும் அந்த ஒரு வழிதான். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் முழுகியதற்கு மழை மட்டும் காரணமில்லை. நடுவில் 2019 கோடையில் இதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோம். நான்கு வருட இடைவெளியில் ஒரே ஊர் முழுகவும் செய்தது, தொண்டை வறளவும் செய்தது.

ஏரியை வீடாக்கியதில் தனியார் மனை வியாபாரிகளை மட்டும் குற்றம் சொல்வது வழக்கம். அது பாதிதான். தியாகராய நகர் 1920-களில் நெட்டேரியைத் தூர்த்து அரசே உருவாக்கிய குடியிருப்பு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. 1970-களில் வள்ளுவர் கோட்டம் எழுந்த இடம் நுங்கம்பாக்கம் ஏரி. வீட்டுவசதி வாரியம் ஏரிகளுக்குள்ளேயே மனை பிரித்த இடங்களை ஏரித் திட்டம் என்றே அழைக்கிறோம். முகப்பேர் ஏரித் திட்டம் என்று முகவரி எழுதுகிற ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். 2007-ல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் வந்தது. அதை வைத்து அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் கரையோரக் குடிசைக்காரர்கள். நீர்ப்பரப்புக்குள் நிற்கும் அலுவலகக் கட்டடங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

அந்தக் குடிசைக்காரர்களை எங்கே கொண்டுபோனோம்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகருக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தெற்கே, வெள்ளம் வடியும் பாதையில். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களுக்கு மயிலாப்பூரிலும் எழும்பூரிலும் வேலை இருந்தது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, சமைத்துக் குடும்பத்தை ஓட்டிய பெண்கள் போக வர மூன்று மணி நேரம் பேருந்தில் உட்கார முடியாமல் வேலையை விட்டார்கள். கூவத்து வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கூட்டிப்போய் இன்னொரு வெள்ளத்தில் இறக்கிவிட்டது நடந்திருக்கிறது. “ஏழைக்கு வீடு வேண்டுமே” என்று சொல்லி நகர எல்லையின் பசுமை நிலத்தைத் திறக்கக் கேட்பவர்கள் இந்தக் குடியிருப்புகளுக்கு ஒரு முறை போய், அங்கே இருக்கும் பெண்களிடம் பேசிவிட்டு வர வேண்டும். ஏழைக்கு வீடு வேண்டும், அதுவும் வேலைக்குப் பக்கத்தில் வேண்டும்.

சரி, லண்டன் மாதிரி வளையம் போட்டால் தீருமா? தீராது என்றே நினைக்கிறேன். லண்டனின் பசுமை வளையம் 1938 சட்டத்தில் தொடங்கி, 1947 திட்டமிடல் சட்டத்தாலும் 1955-ல் வந்த அரசு சுற்றறிக்கையாலும் உறுதியானது. இன்று அது லண்டன் பெருநகரைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பரந்திருக்கிறது. ஊர் பரவாமல் தடுப்பதே அதன் முதல் நோக்கம், அதில் அது ஜெயித்தது. ஆனால் உள்ளே போதுமான வீடு கட்டவில்லை. விலை ஏறியது, மக்கள் வளையத்தைத் தாண்டிக் குடியேறி ரயிலில் வந்து போகிறார்கள். வளையத்துக்குள் கைவிட்ட பெட்ரோல் பங்கும் கார் நிறுத்துமிடமும்கூடப் பசுமை என்ற பெயரில் காப்பாற்றப்பட்டன. 2024 டிசம்பரில் அந்த நாட்டு அரசு அப்படிப்பட்ட இடங்களைச் ‘சாம்பல் நிலம்’ என்று பிரித்து வீடு கட்ட வழிவிட்டது. நீங்கள் பயப்படுகிற விலையேற்றம் அங்கே உண்மையிலேயே நடந்தது. காம்பஸை வைத்து வட்டம் போட்டால் காப்பாற்ற வேண்டியதும் வேண்டாததும் ஒன்றாக உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இங்கேயும் அதன் சாயல் தெரிகிறது. பள்ளிக்கரணை ராம்சர் பகுதிக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எதுவரை கட்டினால் சதுப்பைப் பாதிக்கும் என்ற அறிவியல் ஆய்வு முடியும்வரை எந்தக் கட்டுமான அனுமதியும் தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. ஆய்வு இல்லாமல் அனுமதி கொடுத்துக்கொண்டே போன நிலைமைக்கு அந்தத் தடை தேவைப்பட்டது. அதே சமயம், வேளச்சேரியில் நாற்பது வருடமாக வீடுகள் நிறைந்த தெருவில் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனையில் பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்ட நினைப்பவரும், சதுப்பு விளிம்பில் ஆயிரம் ஃபிளாட் கட்டுகிறவரும் ஒரே கோட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். முதலாமவர் தடுக்கும் தண்ணீர் என்று எதுவும் இல்லை. இந்த இருவரையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் தூரத்தை அளந்து பயனில்லை, தண்ணீர் போகிற வழியைத்தான் அளக்க வேண்டும்.

என் கட்சி இதுதான்: சென்னைக்கு வளையம் வேண்டாம், கோடுகள் வேண்டும். ஒவ்வொரு ஏரியின் நீர்ப்பரப்பு, வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய், கலங்கலுக்குக் கீழே வெள்ளம் விரியும் தாழ்நிலம், இப்போதும் பயிர் நடக்கிற ஆயக்கட்டு. இவற்றைச் சர்வே எண் வாரியாகக் குறித்து, அங்கே எந்த மந்திரி வந்தாலும் நில வகை மாற்றம் கிடையாது என்று வைக்க வேண்டும். மாதிரி இல்லாமலும் இல்லை. எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று வகுத்து 2008-ல் வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புக்கும், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர நிலத்தடி நீர்ப் பகுதிக்கும், பள்ளிக்கரணைக்கும் தனிக் கட்டுப்பாடுகள் வைத்தது. அந்தக் கருத்தை ஏரிச் சங்கிலி முழுவதற்கும் நீட்ட வேண்டும். அந்தக் கோடுகளுக்கு வெளியே மேடான, வறண்ட புஞ்சை ஏராளமாக உண்டு. கோபன்ஹேகன் 1947-ல் ஐந்து ரயில் பாதைகளை ஒட்டி விரல்களைப் போல ஊரை வளர்த்து, விரல்களுக்கு நடுவே பசுமையை விட்டது. சென்னைக்கும் செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி என்று மூன்று புறநகர் ரயில் பாதைகள் ஏற்கெனவே இருக்கின்றன. நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் நெருக்கமாகக் கட்டட்டும், நான் வரைபடமே போட்டுத் தருகிறேன்.

கோட்டுக்குள் மாட்டும் விவசாயிக்கு வெறும் தடையை மட்டும் கொடுத்தால் அது அநியாயம். பக்கத்து நிலம் கோடிக்குப் போகும்போது இவர் நிலத்தை மட்டும் ஊருக்காகத் தானம் செய்யச் சொல்ல முடியாது. சாலைக்கு நிலம் கொடுப்பவருக்கு வளர்ச்சி உரிமை மாற்றச் சான்றிதழ் தரும் வழி நம் விதிகளிலேயே இருக்கிறது. அந்தச் சான்றிதழை நகருக்குள் கூடுதல் மாடி கட்டுகிறவருக்கு விற்கலாம். ஆயக்கட்டுக்காரருக்கும் அதைக் கொடுத்தால் நகரத்து மாடியின் லாபத்தில் ஒரு பங்கு வயலுக்கு வந்து சேரும். நிலமும் அவர் பெயரிலேயே இருக்கும், நெல்லும் விளையும்.

அப்புறம், வீடு எங்கே கட்டுவது? முதலில் நகருக்குள். 2019 விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5-லிருந்து 2 ஆனது, உயரமான கட்டடங்களுக்கு 3.25. அதாவது ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டியவர் இன்று 4,800 கட்டலாம். இரண்டாம் கட்ட மெட்ரோ முடியும்போது கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர் புதிய பாதை வரும். அந்த நிலையங்களைச் சுற்றி இன்னும் அதிகம் அனுமதிக்கலாம், அதில் ஒரு பங்கு சிறிய வீடுகளாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நிபந்தனை இல்லாமல் மாடியை மட்டும் ஏற்றினால் இரண்டு கோடி ரூபாய் ஃபிளாட்தான் வரும். பழைய வாரியக் குடியிருப்புகளை அதே இடத்தில் இடித்துக் கட்டும் வேலை நடக்கிறது. பெரும்பாக்கங்களை உருவாக்குவதை விட இது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, சும்மா கிடப்பவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் மட்டும் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயம் ஒரு காரணம், விலை ஏறட்டும் என்ற காத்திருப்பு இன்னொன்று. காலி மனை வரி என்று ஒன்று நம் நகராட்சிகளில் இருக்கிறது, யாருக்கும் உறைக்காத அளவில். மனை வாங்கிப் பத்து வருடம் கட்டாமல் போட்டால் வரி ஆண்டுக்கு ஆண்டு ஏறும் என்று வைத்துப் பாருங்கள். எல்லைக் கல் நட்டுப் பூட்டி வைத்த நிலம் தானாகச் சந்தைக்கு வரும், புதிதாக வயலைத் தேடிப் போகிற வேகமும் குறையும். விலையைப் பற்றிய உங்கள் கவலைக்கு இதை விட நேரடியான மருந்து எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022-ல் விரித்தார்கள். அரக்கோணம் வரை உள்ள ஏரிகளெல்லாம் இப்போது ‘பெருநகர’ ஏரிகள். இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ல் முடிகிறது, மூன்றாவதைத் தயாரிக்கிறார்கள். எந்தச் சர்வே எண் குடியிருப்பு, எது வேளாண்மை, எது நீர்நிலை என்று அது ஒரு முறை எழுதிவிட்டால் அடுத்த இருபது வருடம் அதுதான். பரந்தூரில் ஏரிகள் நிறைந்த கிராமங்களை விமான நிலையத்துக்கு எடுப்பதாக அரசே அறிவித்து, ஏகனாபுரத்து மக்கள் வருடக்கணக்கில் போராடுகிறார்கள். முடிவு எடுத்த பிறகு மறுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். வரைவு வெளியானதும் உங்கள் ஊர்ப் பக்கத்தை எடுத்து, ஏரியும் கால்வாயும் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஆட்சேபணையைச் சர்வே எண்ணோடு எழுத்தில் கொடுங்கள். சர்வே எண் இல்லாத ஆட்சேபணையை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

நீங்களே மனையோ ஃபிளாட்டோ தேடிக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரமும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் இருந்தால் போதும் என்று விற்பவர் சொல்வார். அவை தேவை, ஆனால் அந்த இடத்தில் தண்ணீர் வருமா என்பதை அவை சொல்லாது. கிராம நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா என்று பாருங்கள். நஞ்சை என்றால் ஏதோ ஓர் ஏரியின் தண்ணீர் அங்கே பாய்ந்திருக்கிறது. கிராம வரைபடத்தில் பக்கத்துச் சர்வே எண்கள் வாய்க்காலா, ஓடையா என்று பாருங்கள், தரையில் அந்த வாய்க்கால் இன்னும் இருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். வரைபடத்தில் இருந்து தரையில் இல்லாவிட்டால் அந்த மனை வேண்டாம். மேலே இருக்கும் ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று கேளுங்கள். தெரு முனைப் பெட்டிக்கடையில் 2015-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.